தையல் வெளியே தெரியும் பை

நான் ஒரு மடையன். பதினாறு வருடமாக என் மனைவி இதைச் சொல்லிவருகிறாள். நான்தான் ஆதாரம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆதாரம் கடைசியில் ஒரு துணிப் பையாக வந்து சேர்ந்தது. ஒரு முழ உயரம், இரண்டு கைப்பிடி, கீழ்மூலையில் என் ஜெராக்ஸ் கடை டோனர் பொடி கொட்டிய கறை. அந்தப் பையைத் துவைத்தவன் அப்படியே காயப்போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்ததோடும் நிற்கவில்லை, அதை வைத்து ஒரு ஜோக் அடித்தேன்.

பையைக் கொடுத்தவர் எங்கள் பகுதிக்கு கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் குடியிருந்தார். தெருவுக்கு அவர் 'ரீடிங் சார்'. எனக்கு அண்ணன். நான் அவருக்குத் தம்பி. தம்பி போடாமல் அவர் என்னிடம் வாய் திறந்ததில்லை. கோபம் வந்தால் ஒரே வாக்கியத்தில் இரண்டு தம்பி போடுவார்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வருவார். மீட்டர் வாசலில்தான் இருக்கும். ஆனால் அவர் காது ஹாலுக்குள் இருக்கும். "ஏன் தம்பி சும்மா ஓடுது?" என்று கேட்டபடி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஆளில்லாத அறையில் சுற்றும் ஃபேனை நிறுத்துவார். குளியலறை லைட்டை அணைப்பார். சொட்டும் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, "வாஷர் போயிருச்சு தம்பி" என்பார். அடுத்த தடவை வரும்போது சட்டைப் பையில் வாஷர் இருக்கும். கரண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிற மனிதர் கரண்ட்டைச் செலவு செய்யாதே என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனது நான் பார்த்தவரையில் இவர் ஒருவர்தான்.

வெள்ளை அட்டையில் எண்ணை எழுதிவிட்டு அவர் சொல்லும் ஆரூடம்தான் பயங்கரம். ஒரு சித்திரையில் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சமையலறை வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டு ஏசியும் ஓடியிருக்கே தம்பி. சண்டையா?"

சண்டைதான். பதினோரு நாள் தனித்தனி அறை. அன்று ராத்திரியே சமாதானமாகிவிட்டோம், மீட்டருக்குப் பயந்து.

அவருக்கு எதுவும் சும்மா போகக் கூடாது. என் கடையில் ஒரு பக்கம் பிரிண்ட் ஆகி வீணான தாள்களை வாங்கிப்போய் நூல் போட்டுக் குறிப்பேடு தைப்பார். அரிசி களைந்த தண்ணீர் அவர் வீட்டுக் கறிவேப்பிலைக்குப் போகும். டீக்கடைக்குச் சொந்த எவர்சில்வர் டம்ளரோடு வருவார். குடித்து முடித்து ஒரு வாய்த் தண்ணீரில் டம்ளரை அலசி, அந்த அலசலையும் கடை ஓரத்துச் செம்பருத்திக்கு ஊற்றுவார். "சார், அது டிகாக்‌ஷனுக்கு அடிமையாயிருச்சு. நீங்க லீவு போட்டா வாடிப்போகுது" என்பார் டீக்கடைக்காரர்.

இதெல்லாம் கேட்டுவிட்டு அவரை ஏதோ விரதக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. நுங்கு வந்தால் பனையோலையில் வாங்கி அங்கேயே நின்று விரலால் நோண்டித் தின்பார். பெரிய கோயில் புல்தரையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்தால் எழுப்புவது கஷ்டம். கல்லணையில் திறந்துவிட்ட தண்ணீர் புதாற்றில் ஊருக்குள் வந்துவிட்டால், தினம் வேலை முடிந்து பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பார். தண்ணீர் மேலே வரும் காற்று சட்டையைத் தூக்கும். போகிற வருகிற என்னைக் கூப்பிடுவார்.

"வாங்க தம்பி, ஃபேன் போட்டிருக்காங்க."

இப்படிப்பட்டவர் கொடுத்த பை அது. நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிபோன புதிதில், முதல் ரீடிங் எடுக்க வந்தபோதே இரண்டு பை கொடுத்தார். தடித்த காடாத் துணி. ஆனால் தையல் வெளியே தெரிந்தது, ஓரமெல்லாம் நூல். "திருப்பித் தைச்சிருக்காங்களே அண்ணே" என்றேன்.

"அதுதான் தம்பி முறை. தையல் வெளியே இருந்தாத்தான் மூலையில மண்ணு தங்காது. கருணைக்கிழங்கு போட்டுட்டு வந்தாலும் ஒரு உதறு உதறினாப் போதும். மறந்தும் திருப்பிறாதீங்க."

தெருவே அதை நம்பியது. அவர் ரீடிங் எடுக்கும் எல்லாத் தெருவும் நம்பியது. உழவர் சந்தையில் நூல் தொங்கும் பையோடு யார் வந்தாலும் எங்கள் ஏரியா என்று தெரிந்துவிடும். மற்ற ஏரியாக்காரர்களிடம் நான் இந்த மண் தங்காத விஞ்ஞானத்தை விளக்கி, அவர்கள் பையைக் கேவலமாகப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டோனர் கொட்டியது. துவைத்தேன். கறை உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கத் திருப்பினேன். உள்ளே பிள்ளையார் இருந்தார். அவருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'தேன்மொழி – அரவிந்த்'. அதற்குக் கீழே ஒரு கல்யாண மண்டபத்தின் பெயர், நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு தை மாதத் தேதி, 'வருகைக்கு நன்றி'.

ஏதோ ஒரு கல்யாணத்தில் மிச்சமான தாம்பூலப் பையை மலிவாக வாங்கி எங்கள் தலையில் கட்டியிருக்கிறார் என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போட்டோ எடுத்தேன். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே இப்படி எழுதினேன்:

'மணமக்களுக்கு வாழ்த்துகள். ரெண்டு வருஷமா உங்க கல்யாணத்தைத் தூக்கிக்கிட்டுத்தான் கத்திரிக்காய் வாங்குறோம். சாப்பாடு எப்பங்க போடுவீங்க?'

கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மூஞ்சிகளாக வந்து விழுந்தன. ஆளாளுக்குத் தங்கள் பையைத் திருப்பிப் படம் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லாப் பையிலும் பிள்ளையார் வெளியே வந்துவிட்டார். நடுவில், நான் பெயர் பதிந்து வைக்காத ஓர் எண்ணிலிருந்து கட்டைவிரல் ஒன்று வந்தது. அவ்வளவுதான். சிரிப்பு இல்லை.

ராத்திரி சாப்பாட்டில் என் மனைவி தட்டை வைக்காமல் நின்றாள்.

"ஏங்க, தேன்மொழி யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"யாரு?"

"ரீடிங் சார் பொண்ணு."

"அது பாப்பா இல்லே?"

"பாப்பான்னு யாராவது பேரு வெப்பாங்களா?"

ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நானும் இரண்டு வருடமாகப் பாப்பா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து விருப்பமில்லை என்று ஒரு வரி அனுப்பிவிட்டானாம். பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. பை வந்து இறங்கியாயிற்று. நாங்கள் குடிவருவதற்கு முன்னால் நடந்தது. தெருவில் பழைய ஆட்களுக்குத் தெரியும். அவர்கள்தான் என் ஜோக்குக்கு ஒன்றும் போடாமல் இருந்தவர்கள்.

"அந்தக் கட்டைவிரல்?" என்றேன்.

"அதுதான் பாப்பா" என்று சொல்லிவிட்டு, தட்டை என் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

மறுநாள் காலையில் அவர் வந்தார். ரீடிங் நாள் இல்லை. உள்ளே வராமல் கேட்டருகே நின்றார். ஹாலில் ஃபேன் சும்மாதான் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது கேட்கவில்லை.

"போட்டதை எடுத்துருங்க தம்பி. எடுத்துருங்க தம்பி."

எடுத்துவிட்டேன் என்றேன். மன்னிச்சுக்குங்க, தெரியாது அண்ணே என்றேன். அவர் காதில் அதுவும் விழவில்லை.

"எரிச்சுருங்கப்பான்னு பாப்பா அன்னைக்கே சொல்லுச்சு. நானூறு பை தம்பி. புதுத் துணி. துணி என்ன பண்ணுச்சு? எரிச்சுட்டேன்னு அதுகிட்ட சொல்லிட்டு, ஒவ்வொண்ணா உக்காந்து திருப்பினேன். கைப்பிடியைப் பிரிச்சுத் தைச்சேன். இப்ப உங்க போட்டோவைப் பாத்துட்டு வந்து, 'எரிச்சீங்களாப்பா'ன்னு ஒரே வார்த்தைதான் கேட்டுச்சு."

பிறகு விஷயத்துக்கு வந்தார். வெள்ளிக்கிழமை திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். நல்ல இடம். நடந்ததை நடந்தபடி சொன்னதில் முன்னால் வந்த இரண்டு இடமும் தட்டிப்போய்விட்டது. பத்திரிகை வரைக்கும் போய் நின்றது என்றால் பெண்ணிடம்தான் ஏதோ இருக்கும் என்று நினைக்கிறார்கள். அதனால் இந்தத் தடவை தரகர் சொன்னபடி, பேச்சோடு நின்றுபோயிற்று என்று சொல்லிவைத்திருக்கிறார்.

"இதுதான் கடைசின்னு சொல்லிருச்சு தம்பி. இனிமே எவர் முன்னாலயும் காபித் தட்டைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்னுட்டா. நாலு நாள்தான் இருக்கு. தெரு பூராப் பாப்பா பேரு தொங்குது."

கொடுத்த பையைத் திரும்பக் கேட்டுப் போவதுபோல ஒரு கஷ்டம் அவருக்கு வேறில்லை. அவர் கேட்டுக்கு வெளியே நிற்பார்; பொய் சொல்வதை நான் ஏற்றுக்கொண்டேன். அதில் எனக்கு அனுபவம் உண்டு. ஒரு வீட்டில் சாயத்தில் ஏதோ கெமிக்கல் என்றேன். ஒரு வீட்டில் மாற்றிப் புதுப் பை வருகிறது என்றேன். ஒரு வீட்டில், உண்மை தெரிந்த வீடு அது, அந்தம்மா எதுவும் கேட்காமல் நாலு பையையும் இஸ்திரி போட்டு எடுத்துவந்து கொடுத்தார். அங்கேதான் எனக்கு வெயில் அதிகமாகத் தெரிந்தது.

எந்த வீட்டுக்கு எத்தனை கொடுத்தோம் என்பது அவர் தலையில் ரீடிங்போல இருந்தது. பை பல ரூபத்தில் கிடைத்தது. ஒன்று ஸ்கூட்டர் சீட்டுக்கு உறையாகியிருந்தது. ஒன்றில் அரிசி. இன்னொரு வீட்டில், "அதை வாசல்ல மிதியடியாப் போட்டிருக்கோம் சார்" என்றார்கள். அவர் குனிந்து அதை எடுத்தார். இரண்டு வருடம் மிதிபட்டதில் மாப்பிள்ளை பெயர் அழிந்துபோயிருந்தது. பெண் பெயர் நன்றாகத் தெரிந்தது. இரண்டு உதறு உதறி, மடித்து, என் கையிலிருந்த பைக்குள் வைத்தார். மண் எல்லாம் மூலையிலேயே தங்கியிருந்தது.

தெருமுனை வீட்டுக் கொய்யா மரம் அடுத்த கண்டம். அணில் கடிக்காமலிருக்க ஒவ்வொரு காய்க்கும் துணிப் பை கட்டுங்கள் என்று அந்த வீட்டுக் கல்லூரி மேடத்துக்கு யோசனை சொன்னதே அவர்தான். அந்தம்மா என் போட்டோவைப் பார்த்த உற்சாகத்தில் அத்தனையையும் திருப்பிக் கட்டியிருந்தார். ஏழு கொய்யாக்காய், ஏழு பிள்ளையார், ஏழு தேன்மொழி. திருக்காட்டுப்பள்ளிக் கார் அந்த மரத்தடியில்தான் திரும்ப வேண்டும். நான் ஏறினேன். சிவப்பெறும்பு வேட்டிக்குள் புகுந்தது. வழக்கமாக இருந்தால் இதற்கே அவர் ஒரு வாரம் சிரிப்பார். கீழே நின்று, "மேல இன்னொண்ணு இருக்கு தம்பி. மேல பாருங்க" என்றுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் முடிந்தது. கிழிந்தது போக மற்றதெல்லாம் அவர் வீட்டு அறையில் மூட்டையாக இருந்தன. புதாற்றுப் பாலத்தில் நின்றோம். ஆவணித் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. நாலு நாளில் முதல்தடவையாக அவர் சட்டைப் பொத்தானை ஒன்று கழற்றிவிட்டார்.

"ஃபேன் போட்டிருக்காங்க தம்பி."

"ஆமாண்ணே."

"உங்க வீட்டுப் பை தம்பி?"

என் பைக்குள்தான் மற்றவர் பைகளை அடைத்து நாலு நாளும் சுமந்தேன். கடைசி மூட்டையைக் கொட்டிவிட்டு, காலியான பையை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டியது நினைவிருக்கிறது. கொக்கியைப் பார்த்தேன். பை இல்லை. எங்கே வைத்தேன் என்று மண்டையைத் துழாவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் கண்ணை மூடிக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி நின்றார்.

"பீரோல வெச்சுப் பூட்டிட்டேண்ணே" என்றேன்.

வீட்டில் இல்லை. கடையிலும் இல்லை. ஒரு பைதானே, எங்காவது கிடக்கும், வெள்ளிக்கிழமை கழியட்டும் என்று படுத்துவிட்டேன்.

அவர் மனைவி இல்லாதவர். அதனால் வெள்ளிக்கிழமை என் மனைவிதான் கேசரி கிண்டினாள், நான் நாற்காலி போட்டேன். அவர் வீட்டு ஹாலில் ஃபேன் ஓடி நான் பார்த்தது அன்றுதான். கார் வந்தது. பையன், அவன் அப்பா, அம்மா. நல்ல மனிதர்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். அந்தம்மா உள்ளே வரும்போதே, "முக்குல பூ ரொம்ப நல்லா இருந்துச்சு, வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்த பையை டீப்பாயின்மேல் வைத்தார்.

பிள்ளையார் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்மூலையில் டோனர் கறை.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பாலத்துக்குப் போகும் வழியில் வெள்ளிக்கிழமைப் பூஜைக்குப் பூ வாங்க நின்றேன். போன் வந்தது. கொக்கியிலிருந்து எடுத்த பையைப் பூக்காரியின் பலகையில் வைத்துவிட்டு, வாழையிலைப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினேன். பூக்காரியை நான் பிறகு கேட்டபோது அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "உங்க பைதானேண்ணே, குடுக்கலாம்னு எடுத்து வெச்சிருந்தேன். அந்தம்மா கையை வீசிக்கிட்டு கார்ல வந்து எறங்குச்சு. பிளாஸ்டிக் கவர் குடுக்கக் கூடாதுன்னு ரீடிங் சார் சத்தியம் வாங்கியிருக்காருல்ல. அதான் அதுல போட்டுக் குடுத்தேன்."

ரீடிங் சார் பையைப் பார்த்தபடி எழுந்து நின்றுவிட்டார். எதற்கு நிற்கிறார் என்று அந்தம்மாவும் பார்த்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"இது நம்ம பொண்ணு பேருதானே?"

ஃபேன் சத்தம்மட்டும் கேட்டது.

"பேச்சோட நின்னுச்சுன்னுதானே சொன்னீங்க. பை அடிக்கிற வரைக்கும் போச்சா?"

"போச்சுங்க" என்றார் அவர்.

பெண் காபித் தட்டோடு வந்தது அந்த நேரத்தில். டீப்பாயில் இடமில்லை. ஒரு கையில் தட்டைப் பிடித்தபடி, மறுகையால் பூவை எடுத்து வெளியே வைத்து, பையை இரண்டாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காபியை வைத்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. மடித்த பையில் அவள் பெயர் பாதி தெரிந்தது. ஆளுக்குப் பாதி காபி குடித்தார்கள்.

"ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார் பையனின் அப்பா. அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான். அதைக் கேட்டுக் கேட்டு அந்த வீட்டுச் சுவருக்கே மனப்பாடம்.

மறுநாளிலிருந்து அந்தப் பெண் ஸ்கேன் சென்டருக்கு அந்தப் பையில்தான் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோனாள். எழுத்து வெளியே தெரியும்படி. மூன்று தெரு நடந்து, பஸ் ஸ்டாப்பில் எல்லாரோடும் நின்று. அவர் வாசலில் நின்று பார்ப்பார். அவள் எதிரே வந்தால் நான் சந்துக்குள் திரும்பிவிடுவேன்.

அடுத்த ரீடிங் வந்தது. எழுதினார், அட்டையை மாட்டினார். அந்த மாதம் எங்கள் வீட்டில் ஏசி, கிரைண்டர், சும்மா ஓடிய ஃபேன் என்று எல்லாம் ஏறியிருந்தது. சண்டையா என்று கேட்பார் என்று என் மனைவி வாசல்வரை வந்து நின்றாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் அவர் நாகப்பட்டினம் பக்கம் மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறார் என்று டீக்கடையில் தெரிந்தது. அன்று மத்தியானமே போனேன். ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் பிளேடு. ஒவ்வொரு பையாகத் தையலைப் பிரித்து, எழுத்தில்லாத பாதியைத் தனியே அடுக்கிக்கொண்டிருந்தார். அது துடைக்கிற துணிக்கு ஆகும், தலையணை உறைக்கு ஆகும். எழுத்திருந்த பாதிகள் இன்னொரு குவியல். முட்டியளவு உயரம். எல்லாம் பாப்பா பெயர். எதற்கும் ஆகாது, எறியவும் முடியாது. எல்லாவற்றுக்கும் ஓர் உபயோகம் கண்டுபிடித்த மனிதர் அந்தக் குவியலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முதுகெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் எழுந்துபோய், எனக்காக ஃபேனைப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பை என்னுடையது என்று சொன்னேன். பீரோ பொய் என்றேன். பூக்கடையில் விட்டது, பாலத்திலேயே கொக்கி காலியாக இருந்தது, அன்று ராத்திரி தேடாமல் படுத்தது, ஒன்று விடவில்லை. நான் வாழ்க்கையில் ஜோக் இல்லாமல் அவ்வளவு நேரம் பேசியதில்லை. வேண்டுமானால் திருக்காட்டுப்பள்ளிக்கு நானே போய்க் காலில் விழுகிறேன் என்றேன். பாப்பாவிடம் நானே பேசுகிறேன் என்றேன். அவர் பிளேடைக் கீழே வைக்கவில்லை. ஒரு தையலைக் கடைசிவரை பிரித்து, நூலை உருவி, விரலில் சுற்றி, நூல்கண்டோடு சேர்த்து வைத்தார்.

"ஏதாவது சொல்லுங்கண்ணே" என்றேன்.

"போறப்ப ஃபேனை நிறுத்திட்டுப் போங்க."